அரிசி விற்ற குற்றம்: மட்டாஞ்சேரி, 1662

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் அரிசிக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரோடு சென்ற ஆண்டு உரையாடிக்கொண்டிருந்தேன். கொச்சிக் கோட்டையை ஒல்லாந்தர் முற்றுகையிட்ட கதையை, பீரங்கி மேடைகள், தளபதிகளின் பெயர்கள், கப்பல்களின் வருகை என்று ஆய்வாளர்களுக்கே உரிய உற்சாகத்தோடு விரித்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டவர், “அதெல்லாம் சரி தம்பி, உள்ள இருந்த சனங்களுக்கு எத்தனை நாளைக்கு அரிசி இருந்துச்சு?” என்றார். ஐந்தாண்டுகளாக இக்கரையின் வரலாற்றை வாசித்துவரும் நான் அக்கேள்வியை ஒருமுறைகூட எழுப்பியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நம் பாடநூல்கள் இந்நிகழ்வை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும்: 1663-இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றினர். என் குறிப்பேட்டிலோ ஓர் அட்டவணை இருந்தது. கொழும்பு முற்றுகை ஏறத்தாழ ஏழு மாதம். யாழ்ப்பாணம் மூன்று மாதத்துக்கு மேல். கொச்சி இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். கொச்சிக்கு எதிரே ‘ஒப்பீட்டளவில் குறைந்த துயரம்’ என்று எழுதி வைத்திருந்தேன். அவ்வரியை இப்போது அடித்துவிட்டேன். அதன் காரணத்தைச் சொல்லவே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு. இன்று நாம் ஒரே மூச்சில் ‘ஃபோர்ட் கொச்சி – மட்டாஞ்சேரி’ என்று சொல்லும் நிலப்பகுதி, அன்று இரண்டு ஊர். கடல்முகத்தில் மதில் சூழ்ந்த போர்த்துக்கீசிய நகரம். அதற்குக் கிழக்கே, காயலோரம், கொச்சி அரசரின் ஊர். பின்னதைப் போர்த்துக்கீசியர் ‘மேல் கொச்சி’ என்றழைத்தனர். 1555-இல் அவர்களே கட்டித் தந்த அரண்மனையும், பழயன்னூர் பகவதி கோயிலும், 1568-இல் எழுந்த பரதேசி யூதர்களின் தொழுகைக் கூடமும் அங்கே ஒட்டி ஒட்டி நிற்கின்றன. கோயிலுக்கும் தொழுகைக் கூடத்துக்கும் இடையில் ஒரு மதிலே உண்டு. சந்தை, பண்டகசாலை, தோணித்துறை அனைத்தும் இப்பக்கத்தில். மதிலுக்கு உள்ளே இருந்தவர்களின் உணவும் மிளகும் மதிலுக்கு வெளியே இருந்த இச்சந்தையைக் கடந்தே வந்தன. முற்றுகை வரலாறுகளில் மதிலுக்கு வெளியே வாழ்ந்த மக்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கொச்சியைப் பொறுத்தவரை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

நான்கு புறமும் நீர் சூழ்ந்திருந்தும் கொச்சி குடிநீர் அற்ற ஊர். கிணறு தோண்டினால் சில அடி ஆழத்திலேயே நீர் ஊறும்; உவர்க்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைப் பற்றி எழுதிய அலெக்சாந்தர் ஹாமில்டன், இவ்வூரில் பலரைப் பிடித்திருந்த யானைக்கால் நோயைத் தண்ணீரோடு தொடர்புபடுத்தி எழுதுகிறார். ஒல்லாந்தர் நாள்தோறும் வராப்புழைக்குப் படகனுப்பிச் சிறு பீப்பாய்களில் ஆற்றுநீர் கொண்டுவந்ததையும் அவரே குறிக்கிறார். நோயின் காரணம் பற்றிய அவரது கருத்தை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆனால் தண்ணீர்ப் படகு உண்மை. அப்படகு வரும் காயல் வழி எதிரியின் கையில் இருந்தால் மதிலுக்குள் இருப்பவர் நிலை என்னாகும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். ஒல்லாந்தர் முதலில் காலூன்றிய இடங்களுள் ஒன்று காயலின் மறுகரையான வைப்பின் தீவு. அங்கே ‘ஒராஞ்’ என்ற பெயரில் ஒரு காவற்கோட்டையும் எழுப்பினர்.

அரிசியின் கதை இன்னும் நெடியது. மிளகு விளைந்த மலையாளக் கரை தனக்குப் போதுமான நெல்லை விளைவித்ததில்லை. கன்னடக் கரையின் பஸ்ரூர், மங்களூர், ஹொன்னாவர் துறைகளிலிருந்து கடல்வழி அரிசி வந்தது. தமிழகத்து நெல் பாலக்காட்டுக் கணவாய் வழியும் தெற்கே ஆரல்வாய்மொழி வழியும் வந்தது. குட்டநாட்டு நெல் உள்நாட்டு நீர்வழிகளில் வந்தது. கோவா, கொச்சி ஆகிய போர்த்துக்கீசிய நகரங்கள் கன்னட அரிசியையே பெரிதும் நம்பியிருந்தன. 1652 முதல் 1654 வரையிலான ஆண்டுகளில் கெளதி நாயக்கரான சிவப்ப நாயக்கர் பஸ்ரூரையும் ஹொன்னாவரையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்துக்கொண்டார். ஒல்லாந்தக் கப்பல் கொச்சிக் கடலில் தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே கொச்சியின் முற்றுகை அத்துறைகளில் தொடங்கிவிட்டது என்று கொள்வதில் பிழையில்லை. எஞ்சியிருந்த பெரிய வழி தெற்கே புறக்காடு. அந்நாட்டு அரசர் போர்த்துக்கீசியர் பக்கம் நின்றார். அவர் நாட்டிலிருந்து காயல் வழியாக வந்த உணவே கடைசி நாள்களில் கோட்டையின் பற்றுக்கோடு.

அரசியலைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. கொச்சி அரச குடும்பத்தின் கிளைகளுக்கிடையே வாரிசுப் பூசல். ஒரு கிளையைப் போர்த்துக்கீசியர் அரியணையில் ஏற்றினர். விலக்கப்பட்ட மூத்த கிளையின் இளவரசர் வீர கேரள வர்மன் கொழும்பு சென்று ஒல்லாந்தரின் துணை நாடினார். பாலியத்து அச்சனும் கோழிக்கோட்டுச் சாமூதிரியும் ஒல்லாந்தரோடு சேர்ந்தனர். 1661-இல் பள்ளிப்புரம், 1662 ஜனவரியில் கொடுங்கல்லூர். அடுத்தது கொச்சி. படைத்தலைவர் ரைக்லோஃப் வான் ஹூன்ஸ்.

1662 பிப்ரவரியில் ஒல்லாந்தர் கோட்டைமீது நேராகச் செல்லவில்லை. மட்டாஞ்சேரி மீதே முதலில் பாய்ந்தனர். அரண்மனை வளாகத்தில் நடந்த சண்டையில் அரசர் இராம வர்மனும் உடனிருந்த இளவரசர்களும் வீழ்ந்தனர். நாயர் வீரர் பலர் மாண்டனர். முதிய இராணி கங்காதர லட்சுமி சிறைபிடிக்கப்பட்டார். அவரைச் சிறைபிடித்த இளம் அதிகாரியின் பெயர் ஹென்ட்ரிக் வான் ரீடு. ஆம், பிற்காலத்தில் இட்டி அச்சுதன் முதலிய மலையாள வைத்தியர்களின் அறிவைத் திரட்டி, பன்னிரண்டு தொகுதிகளாக ‘ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் தாவர நூலை வெளியிட்ட அதே வான் ரீடுதான். அந்நூலின் முதல் செடி தென்னை. ஒரு நாட்டு மக்களை எவை உயிரோடு வைத்திருக்கின்றன என்பதை அவ்வளவு நுட்பமாக அறிந்துகொண்ட அம்மனிதர், அந்நாட்டில் தம் பணியைத் தொடங்கியது இவ்விதத்தில். இதை நினைக்குந்தோறும் எனக்கு ஒருவகைச் சங்கடம் உண்டாகும். அந்நூலின் மதிப்பு இதனால் குறையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அரண்மனை வீழ்ந்தபின் மட்டாஞ்சேரி ஒல்லாந்தரின் பாசறையாயிற்று. அங்கிருந்து கோட்டையைத் தாக்கினர். மதில் அசையவில்லை. ஆள் இழப்பு, நோய், நெருங்கிவரும் மழைக்காலம் மூன்றும் சேர, மார்ச் தொடக்கத்தில் வான் ஹூன்ஸ் பின்வாங்க முடிவு செய்தார். பின்வாங்கல் இரவில் நடந்தது. படை படகேறிச் செல்வதைக் கோட்டையார் அறியாதிருக்க வேண்டும். ஆகவே பாசறையில் வழக்கம்போல மணி ஒலித்துக்கொண்டிருக்க, யூதர் ஒருவர் இரவு முழுவதும் தனியே இருந்து நாழிகை தோறும் மணியடித்தார் என்கிறது அக்கால வரலாறு. விடிந்தபோது பாசறை வெறுமையாக இருந்தது.

இன்று யூதத் தெருவுக்குச் செல்லும் எவரும் 1760-இல் எசேக்கியேல் இராகபி எழுப்பிய மணிக்கூண்டைப் படமெடுக்காமல் திரும்புவதில்லை. அதற்கு நூறாண்டு முன் அதே தெருவார் ஒருவர் அடித்த மணியைப் பற்றி நான் கேட்ட வழிகாட்டிகள் எவரும் சொன்னதில்லை.

மணியடித்தவர் என்ன ஆனார் என்பதைவிட அவரது தெரு என்ன ஆயிற்று என்பதே நமக்கு வேண்டியது. கோட்டைக்குள்ளிருந்து வெளிவந்த போர்த்துக்கீசியர் யூதத் தெருவைச் சூறையாடினர். தொழுகைக் கூடத்துக்குத் தீ வைத்தனர். சமூகத்தின் பழைய ஆவணங்கள் அத்தீயில் அழிந்தன என்பது அவர்களது மரபு. ஒல்லாந்தருக்கு உதவினார்கள், உணவுப்பொருள் தந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1686-இல், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மோசே பெரெய்ரா தெ பைவா கொச்சி யூதர்களைப் பற்றி எழுதிய சிறுநூலிலும் இந்நினைவு பதிவாகியிருக்கிறது.

யூதர்களுக்கு ஒல்லாந்தர் மீது பரிவு இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. கோவாவில் சமய விசாரணை மன்றம் நடத்தியவர்களைவிட, ஆம்ஸ்டர்டாமில் யூதர்களை வாழவிட்டவர்களை அவர்கள் விரும்பியது இயல்பே. ஆனால் உணவு தந்த குற்றத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள். அரசர் கொல்லப்பட்டுவிட்டார். இராணி கைதி. அரண்மனையில் அந்நியப் படை. நூற்றுக்கணக்கான பசித்த சிப்பாய்கள் சந்தையில் திரிகிறார்கள். கையில் துப்பாக்கி இருக்கிறது, ஒருவேளை காசும் இருக்கிறது. அரிசிக் கடைக்காரர் என்ன செய்வார்? விற்றால் ஒருவருக்குத் துரோகி. விற்க மறுத்தால் மற்றவருக்குக் கொள்ளைப்பொருள். அந்நிலையில் அவர் கடையைத் திறப்பதற்குக் கொள்கைப் பிடிப்பு எதுவும் தேவையில்லை.

அரிசி இங்கே சான்றுப்பொருளாக மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். யார் எவருக்குச் சோறு போட்டார் என்பதைக் கொண்டு யார் எவருடைய ஆள் என்று தீர்ப்பெழுதப்பட்டது. தொழுகைக் கூடம் ஒல்லாந்தர் ஆட்சியில் 1664 வாக்கில் சீராக்கப்பட்டது.

எரிந்த அத்தொழுகைக் கூடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கி.பி. 70-இல் உரோமர் எருசலேமை முற்றுகையிட்டு இரண்டாம் கோயிலை அழித்தபின் தம் முன்னோர் மலையாளக் கரைக்கு வந்தனர் என்பது கொச்சி யூதர்கள் போற்றிய மரபு. அந்த எருசலேம் முற்றுகையின் பட்டினிதான் மேற்கு உலகின் முற்றுகை எழுத்துகளுக்கெல்லாம் முன்மாதிரி. ஆண்டுதோறும் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் யூதர்கள் உண்ணாதிருந்து, தரையில் அமர்ந்து, முற்றுகையில் மடிந்த நகருக்காகப் புலம்பல் நூலை ஓதுவர். மட்டாஞ்சேரியிலும் அது தவறியதில்லை. முற்றுகைப் பசியை நோன்பாகவே ஆக்கி நினைவிற்கொண்ட ஒரு சமூகம், இன்னொரு முற்றுகையில் சோறு தந்ததற்காகத் தண்டிக்கப்பட்டது.

கோட்டைக்குள் இருந்தவர்களின் அச்சத்தையும் நாம் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் முன் கொழும்பு இருந்தது. ஆறே ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு. இதே ஒல்லாந்தக் கம்பெனி. ஆகவே வாசகரை ஒரு கணம் இலங்கைக்கு அழைத்துச் செல்கிறேன்.

1655 அக்டோபரில் களுத்துறையைக் கைப்பற்றிய ஹெரார்ட் ஹுல்ஃப்ட்டின் படை கொழும்பை வளைத்தது. நிலப்பக்கத்து வழிகளைக் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் படை அடைத்தது. நவம்பர் 12-இல் நடந்த பெருந்தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அதன்பின் ஒல்லாந்தர் மதிலை விட்டு வயிற்றைக் குறிவைத்தனர். கோவாவிலிருந்து எதிர்பார்த்த துணைப்படை வந்து சேரவில்லை. மதிலுக்குள் போர்த்துக்கீசியக் குடும்பங்கள் மட்டுமா இருந்தன? சிங்களவரும் தமிழரும் லஸ்கரின் வீரர்களும் அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும் இருந்தனர். உணவு குறையக் குறைய, இவர்களுள் போரிட இயலாதோரை ‘பயனற்ற வாய்கள்’ எனக் கருதிக் கோட்டையார் வெளியேற்றினர். வெளியே வந்தோரை ஒல்லாந்தர் ஏற்காமல் மீண்டும் மதிலை நோக்கி விரட்டினர். உள்ளே வாய் கூடினால் சரணடைவு விரைவில் வரும் என்பது அவர்களது கணக்கு. வாயிலும் திறக்கவில்லை, பாசறையும் ஏற்கவில்லை. இடைநிலத்தில் அவர்கள் மடிந்தனர்.

இம்முற்றுகை நடந்த காலத்தில் இலங்கையில் போர்வீரராக இருந்த ஜொவாவோ ரிபெய்ரோ, பின்னாளில் எழுதிய வரலாற்றில், நாயும் பூனையும் எஞ்சாத நிலையையும் தெருவிற் கிடந்த பிணங்களையும் சொல்லி, தாயர் தம் குழந்தைகளை உண்டதாகவும் எழுதுகிறார். இக்கடைசிச் செய்தியை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கமுண்டு. எருசலேம் முற்றுகையைப் பற்றி யோசேப்பஸ் எழுதிய நாள்முதல், பட்டினியின் உச்சத்தைச் சொல்ல விரும்பிய ஐரோப்பிய எழுத்தாளர் பலரும் பிள்ளையை உண்ட தாயைக் கொண்டுவருவது வழக்கம். கொழும்பில் அது நடந்திருக்கலாம். மரபு அவரது எழுதுகோலைப் பிடித்து இழுத்துமிருக்கலாம். ஆனால் அவர் தரும் இன்னொரு செய்தியில் எனக்கு ஐயமில்லை. 1656 மே 12 அன்று சரணடைந்து கோட்டையிலிருந்து நடந்து வெளிவந்த, எலும்புந்தோலுமான வீரர்களை அவர் எண்ணிச் சொல்கிறார்: எழுபத்து மூவர். இந்த எழுபத்து மூவர் வரலாற்று நூல்களிலெல்லாம் இடம்பெற்றுவிட்டனர். மதிலுக்கும் பாசறைக்கும் இடையில் கிடந்தவர்களை எண்ண ஒருவரும் இல்லை.

அக்கால மனிதரின் கொடுமை என்று நாம் இதைக் கடந்துவிட முடியாது. முற்றுகைக்குள்ளிருந்து வெளியேற்றப்பட்ட குடிமக்களைத் திரும்பவும் உள்ளே விரட்டுவது ‘கடுமையான நடவடிக்கையாயினும் சட்டத்துக்கு உட்பட்டதே’ என்னும் பொருளில், 1863-இல் அமெரிக்கப் படைகளுக்காக எழுதப்பட்ட லீபர் விதித்தொகுப்பின் 18-ஆம் பிரிவு கூறிற்று. 872 நாள் நீடித்த லெனின்கிராட் முற்றுகையில் தப்பியோட முயலும் குடிமக்களைச் சுடுமாறு இடப்பட்ட ஆணை, 1948-இல் நியூரம்பெர்க் நகரில் ஜெர்மானியத் தளபதிகள் மீது நடந்த வழக்கில் விசாரணைக்கு வந்தது. சட்டம் வேறாக இருந்திருக்கலாகாதா என்று வருந்தியபடியே, அது குற்றமாகாது என்று நீதிபதிகள் தீர்த்தனர். குடிமக்களைப் பட்டினியிடுவதைப் போர்முறையாகக் கொள்ளலாகாது என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் முதற் கூடுதல் நெறிமுறை எழுதியது 1977-இல்தான். இலங்கை அந்நெறிமுறையில் சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை.

2009-இல் வன்னியில் நடந்ததைத் தமிழ் வாசகருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரு செய்தியை மட்டும் குறிக்கிறேன். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் அளித்த அறிக்கை, போர்ப்பகுதியில் சிக்கிய மக்களின் தொகையை அரசு வேண்டுமென்றே குறைத்துக் கூறி, அதனால் உணவும் மருந்தும் குறையும்படி செய்தது என்கிறது. வெளியேற முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் அதே அறிக்கை பதிவுசெய்கிறது. எண்ணப்படாத வாய்க்கு உணவு அனுப்ப வேண்டியதில்லை. மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவோர், அரிசியும் நீரும் உப்பும் மட்டும் கொண்ட அக்கஞ்சியில், இக்கணக்கையும் சேர்த்தே நினைவுகூர்கின்றனர்.

பண்டைத் தமிழ்ப் புலவர்கள் முற்றுகையை அறிந்தவர்கள். மதிலை வளைப்பதற்கு உழிஞை என்றும் காப்பதற்கு நொச்சி என்றும் திணை வகுத்தவர்கள். ஆயினும் ஆவூர்க் கோட்டைக்குள் அடைத்துக்கொண்டிருந்த நெடுங்கிள்ளியிடம் கோவூர் கிழார் சென்று பாடியபோது (புறநானூறு 44) வீரத்தை அவர் பாடவில்லை. கவளமின்றி வருந்தும் யானையையும் பாலின்றி அழும் குழவியையும் நீரின்றி அரற்றும் மனைகளையும் சொல்லி, ஒன்று வாயிலைத் திற, அல்லது வெளியே வந்து போரிடு, இரண்டுமின்றி உள்ளே அடைபட்டிருப்பது நாணத்தக்கது என்று மன்னனை நேரில் கடிந்தார். முற்றுகைக்குள் நுழைந்து அரிசிக் கடைக்காரரின் கேள்வியைக் கேட்ட முதல் தமிழர் அவர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. பறம்பு மலையைச் சூழ்ந்த மூவேந்தரிடம், உழவின்றியே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக் கிழங்கும் தேனும் அங்கே கிடைக்கும் என்று கபிலர் சொன்னதும் ஒருவகையில் உணவுக் கணக்கே.

கொச்சிக்கு மூங்கில் நெல்லும் இல்லை, மலையும் இல்லை. 1662-இன் மழை ஓய்ந்தபின் ஒல்லாந்தர் திரும்பி வந்தனர். இம்முறை அவசரம் காட்டவில்லை. நிலத்தில் அகழிகள், காயலில் காவற்படகுகள். வடக்கே வைப்பின் அவர்கள் கையில். கிழக்கே மட்டாஞ்சேரி அவர்கள் கையில், அதாவது சந்தை அவர்கள் கையில். தெற்கே புறக்காட்டு வழி ஒன்றே. அதையும் நெருக்கினர். முண்டகன் நெல் அறுவடைக்கு நெருங்கும் பருவம் அது. வயல்களின் ஊடே படைகள். கோட்டைத் தலைவர் இனாசியோ சார்மென்டோ தெ கார்வால்யோ கோவாவின் உதவிக்குக் காத்திருந்தார். கொழும்பு காத்திருந்ததைப் போலவே. உதவி வரவில்லை. 1663 ஜனவரி 7 அன்று கோட்டை சரணடைந்தது.

லிஸ்பனுக்கும் ஹேக் நகருக்கும் இடையே சமாதான ஒப்பந்தம் 1661 ஆகஸ்ட் 6 அன்றே கையெழுத்தாகியிருந்தது! மட்டாஞ்சேரி அரண்மனை இரத்தத்தில் நனைந்ததற்கு ஆறு மாதம் முன்பு. ஒப்புதல் பரிமாற்றம் நீண்டுகொண்டே போனது. அறிவிப்பு ஆசியாவை எட்டுமுன் முடிந்தவரை பறித்துக்கொள்வதில் கம்பெனி முனைப்பாக இருந்தது. கொச்சியைத் திருப்பித் தருமாறு போர்த்துக்கல் பல ஆண்டுகள் வழக்காடிற்று. 1669-இல் எட்டிய உடன்பாட்டில், போர்த்துக்கல் தரவேண்டிய இழப்பீட்டுத் தொகைக்கு ஈடாகக் கொச்சியும் கண்ணனூரும் ஒல்லாந்தரிடமே நின்றன.

சரணடைவின் விதிகளின்படி மணமாகாத போர்த்துக்கீசியர் ஐரோப்பாவுக்கும், மணமானோரும் கலப்பினத்தாரும் கோவாவுக்கும் அனுப்பப்பட்டனர். வெளியேற்றப்பட்டோர் நாலாயிரத்துக்கும் மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். நான்கு ஐந்து தலைமுறைகளாக இம்மண்ணில் பிறந்து, மலையாளம் பேசும் தாய்மாரிடம் வளர்ந்தோரும் அதில் அடங்குவர். பெரிய நகரம் காவலுக்குச் சுமை என்று கருதிய ஒல்லாந்தர் அதன் பரப்பைக் குறுக்கினர், தேவாலயங்களை இடித்தனர். புனித பிரான்சிஸ் ஆலயத்தைத் தம் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டனர். சாந்தா குரூஸ் பேராலயம் பண்டகசாலையாயிற்று. வீர கேரள வர்மனுக்குக் கம்பெனி முடிசூட்டியது. மட்டாஞ்சேரி அரண்மனை செப்பனிடப்பட்டு ‘டச்சு அரண்மனை’ ஆயிற்று. சண்டை நடந்த அதே வளாகத்தில் இன்று அருங்காட்சியகத்துக்கு நுழைவுச்சீட்டு தருகிறார்கள்.

இக்கரை மீண்டும் ஒருமுறை எதிரி வாயிலுக்கு வராமலே முற்றுகையிடப்பட்டது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்ற, பர்மா அரிசிக் கப்பல்கள் நின்றன. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகள் வெறுமையாயின; கொச்சி அரசு தன் குடிகள் அனைவருக்கும் பங்கீட்டு முறையைக் கொண்டுவர நேர்ந்தது; மரவள்ளிக் கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது. அதைத் தனிப் பதிவாக எழுத எண்ணியிருக்கிறேன்.

சென்ற மாதம் பஜார் சாலைக்குப் போனபோது, மேற்கண்டவற்றை முடிந்தவரை சுருக்கி அவரிடம் சொன்னேன். தண்ணீர்ப் படகைப் பற்றிக் கேட்டபோது தலையசைத்தார். யூதத் தெருவின் கதையில் நிறுத்தி, “அப்போ வித்தவனுக்குத்தான் அடி, என்ன?” என்றார். ஆம் என்றேன். “விக்காம அடைச்சுட்டு உக்காந்திருந்தா?” ஒல்லாந்தர் பூட்டை உடைத்து எடுத்திருப்பார்கள் என்றேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வாடிக்கையாளர் ஒருவர் வந்து இரண்டு கிலோ மட்டை அரிசி கேட்க, எழுந்துபோய்த் தராசில் தட்டை வைத்தார்.